பெக்கோக்கில் முதுகு முறிந்தால்: அன்றும் இன்றும்

அன்றைக்குத் தோட்டத்தில் ஒருவர் முதுகு முறிந்து விழுந்தால் முதலில் எழும் குரல் "தூக்கு, தூக்கு" என்பதுதான். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுப்பார்கள், இரண்டு பேர் காலைப் பிடிப்பார்கள். நடு உடம்பு தொய்ந்து வளையும். அப்படியே லோரியின் பின்பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, மேடும் பள்ளமுமான செம்மண் ரோட்டில் ஓட்டிப்போவார்கள். விழுந்தபோது பாதி பிழைத்துக் கிடந்த தண்டுவடம், ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவதற்குள் முழுதாகப் போயிருக்கும். தூக்கியவர்களைக் குறை சொல்ல வழியில்லை. கழுத்தை அசைக்காமல் பலகையில் கட்டித் தூக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பெக்கோக், ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த சின்ன ஊர். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. ரப்பர்க் காலத்தில் சரிவில் வழுக்கி விழுவார்கள். பழைய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது கிளை மேலே விழும். வேலையாட்களை ஏற்றிய லோரி கவிழும். செம்பனை வந்ததும் ஆபத்து தலைக்கு மேலே போனது. வயதான செம்பனையில் குலை இரண்டு மாடி, மூன்று மாடி உயரத்தில் இருக்கும். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே இழுத்து அறுக்க வேண்டும். பத்து கிலோ, இருபது கிலோ குலை எந்தப் பக்கம் இறங்கும் என்று அனுபவசாலிக்கு ஓரளவு தெரியும். ஓரளவுதான். பிடரியில் இறங்கினால் கழுத்தெலும்பு நொறுங்கும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் டிரெசர். காய்ச்சலுக்கு மிக்சர், வெட்டுக்காயத்துக்குத் தையல், பிரசவத்துக்கு ஆள் அனுப்புவது என்று அவர் பார்த்த வேலை பெரிது. டாக்டர் எப்போதாவது சுற்றி வருவார். கழுத்து முறிந்தவனைக் கண்டால் டிரெசரால் முடிந்தது ஒரு வலி ஊசியும் ஒரு சீட்டும். சிகாமட்டுக்கோ குளுவாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ கொண்டுபோய்ச் சேர்த்தால், எலும்பு கூடும் வரை சில மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். லயத்து வீட்டில் ஒரு பலகைக் கட்டில். "இடுப்புக்குக் கீழே விழுந்துபோச்சு" என்பார்கள். எண்ணெய் தேய்ப்பார்கள், மந்திரிப்பார்கள், முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொள்வார்கள். ஆளைக் கொன்றது பெரும்பாலும் முறிவு அல்ல. உணர்ச்சி இல்லாத பிட்டத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும், எலும்பு வரைக்கும் போகும். சிறுநீர் வெளியேறாமல் தேங்கும், சீழ் பிடிக்கும், சிறுநீரகம் போகும். ஒன்றிரண்டு வருஷத்தில் கதை முடியும். நஷ்டஈடு என்றால் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு தொகை, ஒரே தடவை. அது சாவுச் செலவுக்கும் கடனுக்கும் சரியாக இருந்திருக்கும்.

இது தோட்டத்து ஏழ்மையால் மட்டும் வந்த நிலைமை என்று நினைத்துவிடக்கூடாது. முதலாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட ஐரோப்பியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் இதே படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் செத்தார்கள். பழைய எகிப்திய மருத்துவச் சுருள் ஒன்று கழுத்து முறிந்து கைகால் விழுந்தவரைச் சிகிச்சை செய்யக்கூடாத நோயாளிகள் வரிசையில் வைத்திருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்குமேல் அந்த முடிவை மாற்ற யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற நரம்பு மருத்துவர் மாற்றினார். அவர் கண்டுபிடித்த மருந்து எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவை, ராத்திரியிலும் விடாதே, சிறுநீர்ப் பையைச் சுத்தமாக வை, எழுப்பி உட்காரவை, வேலை கொடு, விளையாட விடு. அந்த வார்டிலிருந்துதான் பின்னாளில் பாராலிம்பிக் போட்டிகள் பிறந்தன.

தமிழ்நாட்டுக்கு அந்த அறிவைக் கொண்டுவந்தவர் தாமே முதுகு முறிந்தவர். 1954-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் டாக்டர்கள் போன வண்டி கவிழ்ந்ததில் மேரி வர்கீஸின் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கண்டும் படித்தும் வந்து, 1966-இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் எழும்பக் காரணமானார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்கள் காலத்தில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) என்ற பேச்சே நோயாளிகளை எட்டவில்லை. ஆனாலும் பத்தும் இருபதும் வருஷம் ஆட்கள் உயிரோடிருக்கத் தொடங்கிவிட்டார்கள். அதில் ஓர் அமெரிக்க டாக்டருக்கும் பங்கு உண்டு. மிச்சிகனில் ஜாக் லாபிடஸ், நோயாளியே சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயைச் செலுத்தித் தன் சிறுநீரை எடுத்துவிடலாம், கிருமியே இல்லாத அறுவை அறைச் சுத்தம் தேவையில்லை என்று 1972-இல் எழுதினார். மற்ற மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு உலகெங்கும் தண்டுவடம் அடிபட்டவர்களின் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த மலிவான குழாய். இதற்கு நோபல் பரிசு தந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி இன்றைய பெக்கோக். ஊருக்குள் மின்சார ரயில் பாதை வந்துவிட்டது, பழைய ஒற்றைத் தண்டவாளம் இரட்டையாகிவிட்டது. தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் 80-களிலும் 90-களிலும் வெளியேறினார்கள். குலை அறுப்பவர்கள் இப்போது அநேகமாக இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். குலையும் அவர்கள் பிடரியில்தான் விழுகிறது. அவர்கள் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்புக்குள் வந்ததே 2019 ஜனவரியில். அதுவரை தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கு நம் தாத்தாக்களுக்கு இருந்த அதே 1952-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

நம் பையன்களுக்கு ஆபத்து மோட்டார் சைக்கிளில் வருகிறது. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்குமேல் சாகிறார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு மோட்டார்காரர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும். தலைக்கவசம் 1973-லிருந்து கட்டாயம். தலை பிழைக்கிறது, கழுத்தும் முதுகும் பிழைக்குமென்று சொல்ல முடியாது. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் சிங்கப்பூருக்கு ஓடி, வார இறுதியில் ஊர் திரும்பும் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இருக்கிறார்கள். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மலேசிய முதலாளியிடம் வேலை செய்பவன் வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் சொக்சோ பார்த்துக்கொள்ளும்: 1971-லிருந்து நடைமுறையில் உள்ள சட்டம் அது. நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அதற்கு ஒரு படி. சிங்கப்பூர் முதலாளியிடம் இருப்பவன் தன் சொந்த மோட்டாரில் போகும்போது விழுந்தால் அந்த நாட்டு வேலைவிபத்துச் சட்டம் பொதுவாக அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதிகச் சம்பளத்துக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் நேரத்தில் இதை யோசிப்பதே கிடையாது.

விழுந்தபின் நடப்பது மாறியிருக்கிறது. 999 அழைத்தால் கழுத்துப் பட்டையும் பலகையும் வருகின்றன. வெள்ளத்தில் ரோடு துண்டிக்கப்படாத நாளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2023 மார்ச்சில் சிகாமட் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்கேன் எடுக்கிறார்கள், ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைக்கு மாற்றி முதுகெலும்பில் கம்பி வைத்து நிறுத்துகிறார்கள். மலாக்காவில் சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014-இல் திறந்தது. காலில் மாட்டிக்கொண்டு நடைபழகும் இயந்திரங்கள்கூட அங்கே இருக்கின்றன. செத்துப்போவார்கள் என்று விட்ட இடத்திலிருந்து இங்கே வந்து சேர ஒரு தலைமுறைதான் ஆகியிருக்கிறது.

ஆனால் உயிரோடு இருப்பவருக்கு அடுத்த கேள்வி வரும். "நடப்பேனா?" அன்றைக்கு இந்தக் கேள்வியை முனியாண்டியிடம் கேட்டார்கள். இன்றைக்கு வாட்ஸாப்பில் கேட்கிறார்கள், பதிலாக "ஸ்டெம் செல்" என்று வருகிறது.

தண்டுவடத்தில் என்னதான் நடக்கிறது என்று பார்த்தால் அந்தப் பதில் ஏன் இவ்வளவு கவர்ச்சியானது, ஏன் இவ்வளவு கடினமானது என்பது புரியும். எலும்பு நொறுங்கி நரம்பிழைகளை நசுக்குவது முதல் நிமிடத்தில். அடுத்த சில மணி நேரம், சில நாள், வீக்கமும் ரத்தக்குறைவும் அழற்சியும் அடிபடாமல் தப்பிய இழைகளையும் கொல்கின்றன. இழையைச் சுற்றியிருக்கும் மையலின் உறை உரிகிறது. உறை போனால் சமிக்ஞை போகாது. வாரங்கள் போனால் அந்த இடத்தில் வடு கட்டி, நடுவில் ஒரு குழி விழுகிறது. மூளையும் தண்டுவடமும் தாமாக வளர்ந்து கூடுவதில்லை என்று ஸ்பெயினின் ரமோன் கஹால் எழுதிவைத்தது பல பத்தாண்டுகள் வேதவாக்காக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் மாண்ட்ரியாலில் ஆல்பர்ட் அகுவாயோ, காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தால் தண்டுவட இழைகளும் அதற்குள் வளர்கின்றன என்று எலிகளில் காட்டினார். இழைக்கு வளரத் தெரியும், சுற்றுப்புறம்தான் விடுவதில்லை என்று ஆனது. 1992-இல் வளர்ந்த எலியின் மூளையிலேயே நரம்பு ஸ்டெம் செல்கள் இருப்பது தெரிந்தது. 1998-இல் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்தார்கள். 2006-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் யாமனாகா, தோலின் செல்லையே கருநிலைக்குத் திருப்பிவிடலாம் என்று எலியில் காட்டி, மறு வருஷம் மனிதச் செல்லிலும் செய்தார்.

ஆக ஸ்டெம் செல் என்று ஒரே பெயரில் விற்கப்படுவது ஒரே சரக்கல்ல. கருவிலிருந்து அல்லது யாமனாகா முறையில் எடுத்து, நரம்பாகவோ மையலின் போடும் செல்லாகவோ பாதி பழக்கி, அடிபட்ட இடத்தில் ஊசியால் வைப்பது ஒரு வகை. நம் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்துப் பெருக்கி, ரத்தத்திலோ முதுகு நீரிலோ ஏற்றுவது இன்னொன்று. இரண்டாவது வகைச் செல்கள் நரம்பாக மாறிக் குழியை அடைப்பதில்லை; சுரப்பிகளைப்போலச் சில பொருள்களை வெளியிட்டு அழற்சியைத் தணிக்கின்றன, தப்பிய இழைகளைக் காக்கின்றன என்றுதான் ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள். நம் பக்கத்துத் தனியார் கிளினிக்குகளில் பேசப்படுவது அநேகமாக இந்த இரண்டாவது வகை. முதல் வகையின் படத்தைக் காட்டி இரண்டாவது வகையை விற்பதும் நடக்கிறது.

சோதனைகள் என்ன சொல்கின்றன? டெல்லியில், எவரெஸ்ட் ஏறிய அதே 1965-இல் போரில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த மேஜர் அலுவாலியா நிறுவிய இந்திய முதுகெலும்புக் காய மையத்தில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. மூக்கின் உட்தோலைத் தண்டுவடத்தில் வைத்துப் பார்த்த 5 பேரிலும் பலன் இல்லை என்று 2009-இல் எழுதினார்கள். பிறகு அண்மையில் அடிபட்ட 21 பேரைக் கொண்டு மஜ்ஜைச் செல்லைச் சோதித்தார்கள், அதிலும் பலன் இல்லை என்றே எழுதினார்கள். பலன் இல்லை என்று வெளியிடுவதற்கு நேர்மை வேண்டும். விளம்பரக் கிளினிக்குகள் அப்படியொரு அறிக்கை வெளியிட்டு நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ஜெரான் என்ற நிறுவனம் 2010 அக்டோபரில் முதன்முதலாகக் கருச் செல்லிலிருந்து வந்த செல்களை ஒருவரின் தண்டுவடத்தில் வைத்தது. ஐந்து பேருக்குச் செய்தபின் 2011-இல் பணக் காரணத்தால் கைவிட்டது. வேறொரு நிறுவனம் அதை எடுத்து, 25 பேருக்கு, 2 கோடி செல் வரைக்கும் கொடுத்துப் பார்த்தது. பெரிய தீங்கு இல்லை, சிலருக்குக் கையில் அசைவு கூடியது. ஆனால் ஒப்பீட்டுக் குழு வைக்கவில்லை.

ஜப்பான்தான் வேகமாகப் போனது. சப்போரோவில் மஜ்ஜைச் செல் சிகிச்சைக்கு 2018 டிசம்பரில் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். ஆதாரம் 13 நோயாளிகள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இப்படி அனுமதிக்கலாமா என்று உலக விஞ்ஞானிகள் கடிந்துகொண்டார்கள்; எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. மூளைக் காயத்தில் நடந்த சோதனை மேலானது. சான்பயோ நிறுவனம், விபத்தில் மூளை அடிபட்டுக் கைகால் தளர்ந்த 61 பேரில் 46 பேருக்கு மூளைக்குள் செல் வைத்தது. மீதி 15 பேருக்கு மண்டை ஓட்டில் துளை போடுவதுபோல் மட்டும் செய்து தைத்தது, யாருக்கு எது என்று நோயாளிக்கும் சோதிப்பவருக்கும் தெரியாதபடி. ஆறு மாதத்தில் அசைவு மதிப்பெண் செல் வாங்கியவர்களுக்கு 8.3 கூடியது, மற்றவர்களுக்கு 2.3. கவனிக்க வேண்டியது அந்த 2.3. செல்லே வைக்காமல் வந்த முன்னேற்றம் அது. கிளினிக்கில் பணம் கட்டியவரின் வீடியோவில் நாம் பார்ப்பது இந்த 2.3-ஆகவும் இருக்கலாம். ஜப்பான் அந்தச் சிகிச்சைக்கு 2024 ஜூலையில் நிபந்தனை அனுமதி கொடுத்தது.

2025 மார்ச்சில் தோக்கியோவின் கேயோ பல்கலைக்கழகத்திலிருந்து ஒகானோ, நாகமுரா இருவரின் குழு அறிவித்ததுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. தண்டுவடம் முழுமையாகச் செயலிழந்த நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் யாமனாகா முறையில் ஆக்கிய 20 லட்சம் நரம்பு முன்செல்கள். ஒரு வருஷம் கழித்து இருவருக்கு அசைவு திரும்பியிருந்தது. அதில் ஒருவர் எழுந்து நின்று நடைபழகத் தொடங்கியிருந்தார். இருவருக்குக் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. முழுமையாகச் செயலிழந்தவர்களிலும் சிலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் ஓரளவு தேறுவது உண்டு என்பதால் நான்கு பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு விவரம். செல் வைத்தது காயம் பட்ட 14-ஆம் நாளுக்கும் 28-ஆம் நாளுக்கும் இடையில். அழற்சியின் முதல் வேகம் அடங்கி, வடு இன்னும் இறுகாத இடைவெளி அது.

மலேசியாவில் ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று 1987-லிருந்து நடக்கிறது. அது சோதனையைத் தாண்டிய வைத்தியம். மூளை, தண்டுவடம் அப்படியல்ல. 2009-ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டி, இவற்றில் ஸ்டெம் செல்லை முறையான ஆய்வாகத்தான் செய்ய வேண்டும் என்கிறது. நம் நாட்டில் நடந்தவற்றில் நெருங்கிய ஆய்வு, கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பக்கவாத நோயாளிகளிடம் செய்தது. நோயாளியின் சொந்த மஜ்ஜைச் செல்லைப் பெருக்கி ரத்தத்தில் ஏற்றினார்கள். மொத்தம் 17 பேர். 9 பேருக்குச் செல், 8 பேர் ஒப்பீட்டுக்கு. மூளையில் சேதமான பகுதி கொஞ்சம் சுருங்கியதாக ஸ்கேனில் தெரிந்தது. கைகால் செயல்பாட்டில் வித்தியாசம் தெரியவில்லை. 2021-இல் இதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள்.

இதற்கு நடுவில் நேரடி விற்பனைக்காரர்கள் ஆப்பிள் ஸ்டெம் செல் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் நரம்பு வளரும் என்று வீடு வீடாக வருகிறார்கள். ஆப்பிளின் செல் வயிற்றில் செரிக்கும், அதோடு சரி. பொடியால் பணம்தான் போகும். ஊசியால் வேறு விபரீதமும் வரும். போர்த்துகலில் மூக்குத் தோலை முதுகில் வைத்துக்கொண்ட இளம்பெண்ணுக்கு எட்டு வருஷம் கழித்து அந்த இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது, 2014-இல் எழுதினார்கள். பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று சுற்றி ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கர் ஒருவரின் முதுகில், இன்னொருவரின் செல்லிலிருந்து வளர்ந்த கட்டி இருப்பதை 2016-இல் கண்டார்கள். ஆகவே வீட்டைப் பிணை வைக்க நினைக்கும் குடும்பம் கிளினிக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி செல்லைப் பற்றியது அல்ல. "இது பதிவு செய்த ஆய்வா? ஆய்வு என்றால் என்னிடம் ஏன் காசு கேட்கிறீர்கள்?" என்று கேட்டாலே பல பேர் பேச்சை மாற்றுவார்கள்.

கேயோவின் அந்த 14 முதல் 28 நாள் கணக்கு நாளைக்கே மலேசியாவுக்கு வந்தாலும், பெக்கோக்கில் விழுந்தவர் அதற்குள் நுழையச் செல் மட்டும் போதாது. கழுத்தை அசைக்காமல் தூக்கியிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் எலும்பை நிறுத்தி, ஸ்கேன் எடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். பிட்டத்தில் புண் இருந்தாலோ சிறுநீரில் தொற்று இருந்தாலோ இப்படிப்பட்ட ஆய்வில் சேர்ப்பது கஷ்டம். செல் வைத்தபின் நிராகரிப்பைத் தடுக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுப்பார்கள். புண் உள்ள உடம்புக்கு அது ஆபத்து. குட்மன் 1944-இல் சொன்ன திருப்பிப் படுக்கவைப்பதும், லாபிடஸின் குழாயும் இப்போது ஸ்டெம் செல்லுக்கான நுழைவுச்சீட்டாகிவிட்டன.

பல வருஷம் முன்பே அடிபட்டு, லாபிசிலும் சாஆவிலும் பெக்கோக்கிலும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தப்பிவிட்டது. அவர்களைப் போன்றவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை தொடங்கியிருக்கிறது. மூக்கில் வாசனை நரம்பைச் சுற்றியிருக்கும் செல்களை எடுத்துப் பாலமாக வளர்த்து, ஒரு வருஷத்துக்குமேல் பழைய காயத்தில் வைப்பது திட்டம். முதல் கட்டம்தான், பாதுகாப்பைப் பார்ப்பதே நோக்கம். அதில் சேர்பவர் அறுவைக்கு முன்பே மாதக்கணக்கில் கடும் உடற்பயிற்சி செய்து முடிக்க வேண்டும், அறுவைக்குப் பின்னும் மாதக்கணக்கில் தொடர வேண்டும்.